ஆஸ்பத்திரியும் ஆட்களும்

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் குடியிருந்து வைத்தியம் பார்த்த முதல் அமெரிக்க டொக்டர் ஒரு நியூ ஜேர்சிக்காரர் என்று சொன்னால் இங்குள்ள எங்கள் ஆட்களே நம்புகிறார்களில்லை. ஜோன் ஸ்கடர் 1793இல் பிறந்த ஊர் பிறீஹோல்ட். பார்சிப்பனியிலிருந்து தெற்கே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காரோட வேண்டும். நியூயோர்க்கில் வைத்தியம் படித்து, அங்கேயே நல்ல வரும்படியோடு தொழில் செய்துகொண்டிருந்தவர். நோயாளியொருவரைப் பார்க்கப் போன வீட்டில் தற்செயலாகக் கையிலெடுத்த மிஷன் பிரசுரமொன்றை வாசித்து மனம் மாறியதாகச் சொல்வார்கள். 1819இல் மனைவியுடன் கப்பலேறி, அடுத்த ஆண்டு பண்டத்தரிப்பில் குடியேறினார்.

எங்கள் மிஷன் வரலாறுகளில் இந்தக் கதை ஆத்தும இரட்சிப்பின் கதையாக எழுதப்பட்டிருக்கிறது. சைவப் பக்கத்தில் மதமாற்றத்தின் கதையாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு. நான் இங்கே பார்க்க விரும்புவது மூன்றாவது ஒன்றை: ஆட்கணக்கு. ஆஸ்பத்திரிக்கு யார் வந்தார்கள், யார் நின்றார்கள், யார் போனார்கள், போன இடத்தை யார் நிரப்பினார்கள். சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வேலை செய்கிறவனுக்கு இந்தக் கணக்கு இலேசாக விளங்கும். அடுப்பும் குளிர்பெட்டியும் எவ்வளவு திறமாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை இரவு இரண்டு பேர் வேலைக்கு வராவிட்டால் கடை ஓடாது. ஆஸ்பத்திரியும் அப்படித்தான். என்ன, அங்கே ஆள் குறைந்தால் உயிர் போகும்.

ஸ்கடர் காலத்திலேயே இந்தப் பிரச்சினை தொடங்கிவிட்டது. 1820இல் ஆங்கிலேய ஆட்சி இனிமேல் அமெரிக்க மிஷனரிமார் யாரும் இலங்கைக்கு வரக்கூடாதென்று தடுத்தது. அச்சுவேலைக்கென்று வந்திறங்கிய ஒருவரையும் திருப்பி அனுப்பியது. அந்தத் தடை 1833 வரை நீடித்தது. ஆகப் பதின்மூன்று வருடம் மிஷனுக்குப் புது ஆள் இல்லை. ஸ்கடர் உள்ளூர்ப் பையன்களைத் தன்னோடு வைத்துப் புண் கட்டவும் மருந்து கலக்கவும் பழக்கினார். பெருந்திட்டம் ஏதும் போட்டு அவர் இதைச் செய்ததாகத் தெரியவில்லை. வேறு வழியில்லை. தடை நீங்கிய பிறகு நேதன் வார்ட் என்ற டொக்டர் வந்தார். 1836இல் ஸ்கடர் சென்னைக்குப் போய்விட்டார்.

ஸ்கடர் குடும்பம் அதன் பின் தமிழ்நாட்டில் வேரூன்றியது. அவருடைய பேத்தி ஐடா ஸ்கடரின் கதை பலருக்குத் தெரிந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவிமாரைப் பார்க்கப் பெண் டொக்டர் வேண்டுமென்று கேட்டார்கள். ஐடாவின் தகப்பன் டொக்டர்தான். ஆண் என்பதால் அவரை வேண்டாமென்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா திரும்பி வைத்தியம் படித்துவந்து 1900இல் வேலூரில் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை 1918இல் திறந்தார். அந்த வீட்டில் வைத்தியர் இருந்தார், வேண்டிய வைத்தியர் இருக்கவில்லை. ஆட்கணக்கில் தலையை மட்டும் எண்ணினால் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கை முதன்முதலாக ஊன்றி யோசித்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மசாசூசெட்ஸில் வூஸ்டர் என்ற ஊரில் 1822இல் பிறந்தவர். நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்குவதில் முன்னின்ற அன்ட்ரூ கிறீன் இவருக்குத் தமையன். தமையன் மன்ஹற்றனில் பூங்கா அமைத்துக்கொண்டிருந்த காலத்தில் தம்பி மானிப்பாயில் தமிழ்க் கலைச்சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1847இல் வந்த கிறீன், அடுத்த ஆண்டே மாணவர்களைச் சேர்த்து ஆங்கிலத்தில் வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். சில வருடங்களில் ஒன்றைக் கண்டுகொண்டார். ஆங்கிலத்தில் படித்தவன் ஊரில் நிற்கவில்லை. அரசாங்க உத்தியோகம் கூப்பிட்டது, கண்டிப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் கூப்பிட்டது. சம்பளம் அங்கேதான் இருந்தது.

அவர் எடுத்த முடிவு தமிழில் படிப்பிப்பது. தமிழில் படித்தவன் தன் கிராமத்திலேயே, சனம் கொடுக்கக்கூடிய அளவு காசுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருப்பான் என்பது அவருடைய கணிப்பு. மாணவர்கள் காற்சட்டையும் தொப்பியும் போட்டு வெள்ளைக்காரராக மாறுவதையும் அவர் விரும்பவில்லை. தமிழில் புத்தகம் இல்லாதபடியால் தன் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு தானே மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள். 1873இல் நாடு திரும்பிய பிறகும் வூஸ்டரிலிருந்தபடியே அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தார். அவரிடம் படித்து வெளியேறியோர் அறுபதுக்கு மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள். 1884இல் இறந்தார். கல்லறையில் தன்னைத் தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவன் என்று பொறிக்கும்படி கேட்டிருந்தார். அப்படியே பொறித்தார்கள்.

கிறீனைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தமிழுக்கு அவர் செய்த தொண்டை எழுதுவார்கள். ஆட்களை ஊரில் நிறுத்துவதற்கு அவர் பிடித்த வழியே தமிழ் என்பதைச் சொல்வதில்லை. பச்சையாகச் சொன்னால், கடல் கடக்காத ஒரு படிப்பை அவர் கொடுத்தார். கடல் கடக்காத படிப்பு உள்ளவன் கடல் கடக்கமாட்டான். இது நியாயமா என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மிஷனுக்கும் தன் குருட்டுப் பக்கம் இருந்தது. இணுவிலில் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி அமைக்கும் வேலை நடந்தபோது கனடாவில் படித்த மேரி இர்வின் என்ற இளம் டொக்டர் 1896இல் இலங்கைக்கு வந்தார். வழியில் இரத்தினம் என்ற யாழ்ப்பாணத் தமிழரைக் கலியாணம் செய்திருந்தார். தமிழரைக் கட்டியவரை மிஷன் வேலைக்கு எடுக்க மறுத்துவிட்டது. பெண் டொக்டர் கிடைக்காமல் அலைந்த ஊரில், கிடைத்தவரை வேண்டாமென்றார்கள். மேரி இரத்தினம் கொழும்புக்குப் போனார். பெண்களுக்கான வைத்தியத்திலும் பிற்காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டிலும் லங்கா மகிளா சமித்தியிலும் அவர் செய்த வேலையை முழு இலங்கையும் அனுபவித்தது, இணுவில் தவிர.

*

அரசாங்கம் இந்தப் பக்கம் மெதுவாகவே வந்தது. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி 1850இல் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியில் ஒரு தர்ம சங்கத்தின் ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது. 1907இல்தான் அரசாங்கம் அதைப் பொறுப்பெடுத்தது. கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870இல் திறக்கப்பட்டிருந்தது. அங்கே ஆங்கிலத்தில் படித்தவர்கள் டொக்டர்மார். அவர்களுக்குக் கீழே, குறுகிய காலப் பயிற்சி பெற்று நாட்டுப்புற டிஸ்பென்சரிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் அப்போதிக்கரிமார்.

எங்கள் ஊர்களில் அப்போதிக்கரி என்றால் டொக்டர்தான். சனம் வித்தியாசம் பார்க்கவில்லை. காய்ச்சலுக்குக் கலவை, புண்ணுக்குப் பூச்சு, பாம்புக்கடிக்கு முதலுதவி, தனக்கு ஏலாததைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டு. அவருடைய சான்றிதழுக்கு லண்டனில் மதிப்பில்லை. ஆகவே அவர் ஊர்காவற்றுறையிலோ முழங்காவிலிலோ இருந்தார். கிறீன் மொழியால் செய்ததை அரசாங்கம் தரத்தால் செய்தது.

இந்த அமைப்பின் உண்மையான அத்திவாரம் 1926இல் களுத்துறையில் போடப்பட்டது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு அங்கே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. நோயாளி தேடி வரும்வரை காத்திராமல் நோயைத் தேடி வீட்டுக்குப் போவதென்ற யோசனை அது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தாதிகள், மருத்துவிச்சிகள். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் செத்த பிறகு இந்தப் பிரிவுகளும் கிராம வைத்தியசாலைகளும் வேகமாகப் பெருகின. 1931இலிருந்து சர்வசன வாக்குரிமை இருந்ததால் சாவுக்குப் பதில் சொல்லவேண்டிய அரசியல்வாதிகளும் இருந்தார்கள்.

இதில் ஆகக் கூடுதலாக உயிர் காத்தவர் ஆகக் கீழ்ப்படியில் இருந்தவர்: மருத்துவிச்சி. இப்போது குடும்பநல உத்தியோகத்தர் என்கிறார்கள். ஒன்றரை வருடப் பயிற்சி. ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர். கர்ப்பிணிகளின் பெயர் எல்லாம் அவருடைய கொப்பியில் இருக்கும். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேல் தாய்மார் இறந்தார்கள். 1950ஐ ஒட்டி அது 500 அளவுக்கு இறங்கிவிட்டது. நாடு அப்போது பணக்கார நாடாகிவிடவில்லை. மருந்துகளும் மலேரியா ஒழிப்பும் உதவின. ஆனால் வேலி ஒழுங்கையால் வெள்ளைச் சேலையோடு நடந்துவந்த அந்தப் பெண்ணில்லாமல் அது நடந்திருக்காது.

1950களின் தொடக்கத்திலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதம் வைத்தார்கள். அந்த 25 சதத்துக்கே வரும் கூட்டம் குறைந்தது. 1977இல் எடுத்துவிட்டார்கள். இதை இங்கே கூட வேலை செய்யும் மெக்சிக்கோக்காரப் பொடியனுக்குச் சொன்னேன். கொதியெண்ணெய் கையில் பட்டால் எரிவுக்கு முன் அவன் நினைப்பது பில் எவ்வளவு வருமென்பதை. அவசர சிகிச்சைக்கு வந்தவரைக் காசில்லையென்று திருப்பக்கூடாதென்று 1986இலிருந்து இங்கே சட்டம் இருக்கிறது. பார்ப்பார்கள்; கடிதம் பின்னால் வரும். நாங்கள் விட்டுவந்தவற்றில் வீடு, காணி, பனை என்று பட்டியல் போடுகிறோம். காசைப் பற்றி யோசிக்காமல் காய்ச்சலில் படுக்கும் உரிமையை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

*

யாழ்ப்பாணத்து மருத்துவ பீடம் 1978இல் கைதடி ஆயுர்வேத ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் தொடங்கியது. தரப்படுத்தலால் நொந்திருந்த சமூகத்துக்கு அது பெரிய ஆறுதல். இனி எங்கள் டொக்டர்மாரை நாங்களே உருவாக்குவோம் என்றார்கள். ஐந்து வருடத்தில் 1983 வந்தது. படித்து வெளியேறியவர்கள் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். அவர்களுடைய சான்றிதழ் கடல் கடந்தது. கிறீனுடைய பயம் நூற்றிருபது வருடம் கழித்துச் சரிவந்தது.

நின்றவர்களுக்கு என்ன நடந்தது? 1987 ஒக்டோபர் 21ந் திகதி, தீபாவளி நாள், இந்திய இராணுவம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டது. நோயாளரும் ஊழியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சண்டைக்குள் அகப்பட்டவர்கள் என்று இந்தியத் தரப்பு சொன்னது. அன்றிரவை உயிரோடு கழித்த டொக்டர் சிவபாதசுந்தரம் அடுத்தநாட் காலை தாதிமார் சிலரோடு கையை உயர்த்திக்கொண்டு, தாங்கள் வைத்தியரும் தாதியரும் என்று சத்தமிட்டபடி வந்தார். சுட்டார்கள். டொக்டர் பரிமேலழகர், டொக்டர் கணேசரத்தினம் ஆகியோரும் அங்கேயே கொல்லப்பட்டனர். டொக்டர்மாரின் பெயரை ஆண்டுதோறும் சொல்கிறோம். தாதிமாரும் சிற்றூழியரும் சேர்ந்துதான் செத்தார்கள். அவர்களை 'மற்றும் ஊழியர்கள்' என்கிறோம்.

போனவர் திரும்பியும் வந்திருக்கிறார். ராஜினி திராணகம இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்து, இருக்க வசதியிருந்தும் திரும்பிவந்து யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கினார். கிறீன் அங்காதிபாதம் என்று தமிழாக்கிய அதே பாடம். 1989 செப்டெம்பர் 21ந் திகதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் புலிகளே என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். டொக்டர்மார் ஏன் நிற்கிறார்களில்லை, ஏன் திரும்புகிறார்களில்லை என்று கேட்கிறபோது இரண்டு ஒக்டோபருக்கு இடையில் வந்த இந்தச் செப்டெம்பரையும் நாங்கள் கணக்கில் எடுக்கவேண்டும்.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அனுமதி வேண்டும். பெரியாஸ்பத்திரியைச் சுற்றிச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பாதுகாப்பு வலயம் அமைத்துக் கொடுத்தது. சத்திரசிகிச்சைக்கு ஆளில்லாத இடங்களில் பிரான்சிலிருந்து வந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் கைகொடுத்தார்கள். ஆனால் கிராமங்களைத் தாங்கியவர்கள் அப்போதிக்கரியும் மருத்துவிச்சியும் ஓடலியும்தான். இங்கே ஒரு விசித்திரத்தையும் குறிப்பிடவேண்டும். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் வேலை செய்த இந்த ஊழியர்களுக்குச் சம்பளம் கடைசிவரை கொழும்பிலிருந்தே வந்தது. குண்டு போட்ட அரசாங்கம்தான் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவருக்கும் சம்பளம் கொடுத்தது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தவற்றில் இந்த அமைப்பும் ஒன்று.

இனி, விட்டுவைத்த கேள்வி. ஆளை ஊரில் நிறுத்துவதற்காக அவனுடைய படிப்பைச் சிறிதாக்குவது நியாயமா? தன் பிள்ளைக்கு அப்படியொரு படிப்பை எந்தத் தாயும் விரும்பமாட்டாள். பெரிய டொக்டர் கொழும்பில், சின்ன டொக்டர் வன்னியில் என்றால் வன்னியில் இருப்பவனின் உயிர் மலிவென்றுதான் அர்த்தம். அப்போதிக்கரிப் பயிற்சி பின்னாளில் நிறுத்தப்பட்டதற்கு இந்த நியாயமும் சொல்லப்பட்டது. நிறுத்தியபோது அந்த டிஸ்பென்சரிக்குப் பெரிய டொக்டர் வந்திருந்தால் நல்லது. பல இடங்களில் பூட்டுத்தான் வந்தது.

கிறீனுடைய கணக்குப் பாதிதான் சரி என்பதை 2009 காட்டியது. அந்த வருடம் ஜனவரியிலிருந்து மே வரை, புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி எறிகணைக்கு இலக்கான பிறகு, புதுமாத்தளனிலும் கடைசியில் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடக் கட்டிடங்களில் ஆஸ்பத்திரி நடத்தியவர்கள் அரசாங்க டொக்டர்கள்: சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா மற்றும் சிலர். உள்ளே எழுபதாயிரம் பேர்தான் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னர் முகாம்களுக்கு வந்துசேர்ந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கை குறைந்தால் மருந்தும் குறையும். மயக்க மருந்தும் கிருமிக்கொல்லியும் கேட்டு இவர்கள் சுகாதார அமைச்சுக்கு எழுதினார்கள். இவர்கள் கையில் கடல் கடக்கும் சான்றிதழ் இருந்தது. போகவில்லை. அவர்களோடு தாதிகளும் தொண்டர்களும் நின்றார்கள். மே மாதம் அவர்களைக் கைதுசெய்தார்கள். ஜூலையில் பத்திரிகையாளர் முன் நிறுத்தித் தாங்கள் சொன்ன சாவுக்கணக்குப் பொய்யென்று சொல்லவைத்தார்கள். வற்புறுத்தலில் அப்படிப் பேசியதாக அவர்களில் ஒருவர் பின்னர் சொன்னார். அவர் அமெரிக்காவுக்கு வந்துவிட்டார். இன்னொருவர் பின்னாளில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கே பணிப்பாளரானார். ஒருவரை வீரர் என்றும் மற்றவரை வேறொன்று என்றும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. இருவரும் நிற்கவேண்டிய நேரத்தில் நின்றவர்கள்.

ஆளை நிறுத்துவது சான்றிதழின் அளவல்ல, அல்லது அது மட்டுமல்ல. பக்கத்து வாங்கில் இன்னொருவர் நிற்கிறார் என்ற தெம்பு, மாதச் சம்பளம், செய்கிற வேலைக்கு ஒரு மரியாதை, தன்னைச் சுடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே எங்கள் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாமலும் சிலர் நின்றிருக்கிறார்கள். அதை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது அநியாயம்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கை முழுவதிலுமிருந்து டொக்டர்மாரும் தாதிமாரும் நூற்றுக்கணக்கில் வெளியேறினார்கள். இம்முறை சிங்களவர் தமிழர் வித்தியாசமில்லை. புலம்பெயர்ந்த நாங்கள் நல்ல மனத்தோடு கொடுக்கிறோம். ஸ்கான் இயந்திரம், அம்புலன்ஸ், வார்ட்டுக்குக் கட்டிடம், வாசலில் பெயர்ப்பலகை. பெயர்ப்பலகை போடக்கூடியதைக் கொடுப்பது எங்களுக்குச் சுலபம். தீவுப்பகுதியில் தனியாக வேலை செய்யும் ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்குப் பாதுகாப்பான குவாட்டர்ஸோ, போக்குவரத்துக்கு ஒரு ஸ்கூட்டரோ, பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடமோ கிடைக்கச் செய்வதில் பலகை போட இடமில்லை. தொண்டர்களாக வருடக்கணக்கில் வேலை செய்தவர்களின் பயிற்சிக்கும் நிரந்தர நியமனத்துக்கும் யார் குரல் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் அங்கேயும் அவர்களேதான் நிற்கிறார்கள், அலுவலக வாசல்களில்.

மானிப்பாயில் கிறீனுடைய பெயரில் ஆஸ்பத்திரி இன்னும் இருக்கிறது. அவர் தமிழாக்கிய புத்தகங்களை இப்போது யாரும் படிப்பதில்லை. படிக்க அவசியமுமில்லை, வைத்தியம் எங்கேயோ போய்விட்டது. அவர் கேட்ட கேள்வி மட்டும் பழசாகவில்லை. படித்தவன் ஊரில் நிற்க என்ன வேண்டும்? அடுத்த முறை நிதி சேர்க்கும் கூட்டத்தில் கட்டிடத்தின் படத்தைக் காட்டுகிறபோது, அதற்குள் இரவு வேலைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்கட்டும்.